வாழைப்பழம், உருளைக்கிழங்கு, அம்மாவின் இரண்டு தாள்கள்

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்று கையில் ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'சாப்பிடலாம்', வலப்பக்கம் 'தவிர்க்கவும்'. வலப்பக்கத்தின் முதல் வரியே உருளைக்கிழங்கு. இடப்பக்கத்தில் கீழே எங்கோ 'பழங்கள் – அளவோடு' என்று இருந்தது.

அம்மா அந்தத் தாளைப் பதினோரு வருடம் கடைப்பிடித்தாள். அவளுக்கு உருளை என்றால் உயிர். அதை அன்றோடு விட்டாள். வீட்டில் மற்றவர்களுக்குச் சமைப்பாள், உப்பு பார்க்கக்கூட வாயில் வைக்க மாட்டாள். அந்த ஏக்கத்துக்கு மாற்றாக, இரவுச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு வாழைப்பழம். கேட்டால், "பழம்தானேடா, பழத்தால என்ன கெடுதல் வரப்போகுது" என்பாள். 'அளவோடு' என்ற அந்தச் சின்னச் சொல் எப்போது அழிந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

பதினோரு வருடத்துக்குப் பிறகு சிறுநீரகத்தின் வேலை குறைந்திருக்கிறது என்று பரிசோதனை சொன்னது. இரண்டாவது தாள் வந்தது. அதில் உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்த வரியில் இருந்தன. தவிர்க்கவும்.

அம்மா இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "உருளை கெட்டதுன்னு விட்டேன். பழம் நல்லதுன்னு சாப்பிட்டேன். இப்ப ரெண்டும் ஒண்ணா நிக்குதே. அப்ப எதுதான்டா நல்லது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னைப் பல வாரம் தராசும் நோட்டுமாக உட்கார வைத்தது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாழைப்பழம் அம்மாவின் சிறுநீரகத்தைக் கெடுக்கவில்லை. நெடுநாள் சர்க்கரை நோய் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பாதிக்கும். அதுதான் நடந்தது. நான் தேடியது குற்றவாளியை இல்லை. அவள் கேட்ட கேள்விக்கு நேர்மையான ஒரு பதிலை.

உணவுகளை ஒப்பிட எல்லோரும் 100 கிராம் என்ற அளவைத்தான் எடுக்கிறார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிடும் ஊட்டச்சத்துப் பட்டியலில் இருந்து தோலுரித்த பழுத்த வாழைப்பழத்தையும், தோல் சீவி வேகவைத்த உருளைக்கிழங்கையும் எடுத்துக்கொண்டேன். வாழைப்பழம் 89 கலோரி. உருளை 86. மொத்த மாவுப்பொருள், அதாவது சர்க்கரையும் மாவுச்சத்தும் நாரும் சேர்ந்தது, வாழையில் 23 கிராமுக்குச் சற்றுக் குறைவு, உருளையில் 20. நார்ச்சத்து 2.6 கிராம், இங்கே 1.8. பொட்டாசியம் 358 மில்லிகிராம், இங்கே 328. வைட்டமின் சி 8.7 மில்லிகிராம், இங்கே 7.4. வைட்டமின் பி6 இரண்டிலும் நன்றாகவே இருக்கிறது, வாழையில் கொஞ்சம் அதிகம். புரதம் இரண்டிலும் சொற்பம், உருளையில் கொஞ்சம் அதிகம். கொழுப்பு இரண்டிலும் இல்லையென்றே சொல்லலாம்.

பேர் எழுதாமல் இந்த இரண்டு வரிசையையும் யாரிடமாவது நீட்டினால், ஒரே செடியின் இரண்டு ரகம் என்று நினைப்பார்கள். ஒன்று தாளின் இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமும் போக வேண்டிய அளவுக்கு இதில் எதுவும் எனக்குப் படவில்லை. ஒரே ஒரு வரியைத் தவிர. சர்க்கரை: வாழைப்பழத்தில் 12 கிராம், உருளையில் 1 கிராம்கூட இல்லை.

அந்த வரியைப் பார்த்ததும் குழப்பம் இன்னும் கூடியது. சர்க்கரை நோயாளியை 12 கிராம் இருக்கிற பழத்தைச் சாப்பிடச் சொல்லி, 1 கிராம்கூட இல்லாத கிழங்கை ஏன் விடச் சொன்னார்கள்?

இதற்கான விளக்கம் அழகானது. மாவுச்சத்து என்பதே குளுக்கோஸ் மூலக்கூறுகளைக் கோத்த சங்கிலிதான். பச்சை உருளையில் அது இறுக்கமான மணிகளாக அடைந்து கிடக்கும், நம் குடலின் நொதிகளால் அவ்வளவு எளிதில் உடைக்க முடியாது. தண்ணீரில் கொதிக்கவிட்டால் அந்த மணிகள் நீரை உறிஞ்சி, உப்பி, அவிழ்ந்துவிடும். பிறகு வாயில் ஊறும் உமிழ்நீரே உடைக்கத் தொடங்கிவிடும். உடைந்து வருவது முழுக்கக் குளுக்கோஸ். அது நேராக இரத்தத்துக்குப் போகிறது. வாழைப்பழத்தின் இனிப்போ சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் மூன்றும் கலந்தது. ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போய்விடும், இரத்தச் சர்க்கரையை உடனே ஏற்றாது. அதனால் நாக்குக்கு இனிக்கும் பழத்தைவிட, இனிக்கவே இனிக்காத கிழங்கு இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றலாம்.

இதை அளப்பதற்கென்றே 1981-இல் டேவிட் ஜென்கின்ஸும் அவருடன் கனடாவின் டொராண்டோவில் வேலை செய்தவர்களும் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்ற உணவுகளை அதோடு ஒப்பிடுவார்கள். பழுத்த வாழைப்பழம் 50-ஐ ஒட்டி வரும். உருளைக்கு ஒரே எண்ணைச் சொல்வது கடினம். ரகம், வேகவைத்த விதம், மசித்ததா முழுசா, சூடா ஆறியதா என்பதைப் பொறுத்து 50-இலிருந்து 90 தாண்டியும் போகிறது.

முதல் தாளை எழுதியவர் இதை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்த எண் 'எவ்வளவு வேகமாக' என்பதை மட்டும்தான் சொல்கிறது. 'எவ்வளவு' என்பதைச் சொல்வதில்லை. அம்மா சாப்பிட்ட இரண்டு நடுத்தர வாழைப்பழத்தில் மாவுப்பொருள் 54 கிராம். ஆசைக்கு நாலு துண்டு உருளை, ஒரு 100 கிராம், சாப்பிட்டிருந்தால் 20 கிராம். பதினோரு வருடமாக அவள் விட்டதைவிட, அதற்குப் பதிலாகப் பிடித்துக்கொண்டது பெரியது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெற்ற பிள்ளை நான், ஒரு நாளாவது தராசை எடுத்து வைத்துப் பார்த்திருக்கலாம்.

சரி, வாழைப்பழம் என்று ஒரே பொருளைப் போலப் பேசிக்கொண்டிருக்கிறேனே, அதுவே சரியா என்ற கேள்வி அடுத்து வந்தது.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது, நாம் அதைக் கவனிப்பதில்லை. காய் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். சமைக்கிற காயும் காய்தான், பழுக்காத பழமும் காய்தான். காய், செங்காய், பழம் என்று வரிசையாகப் பேர் வைத்து, இது ஒரு பொருள் கடந்துபோகிற பருவங்கள் என்று மொழியே சொல்லிவிடுகிறது. பழமா காயா என்று கேட்பது தமிழில் பாதி நேரம் 'எந்தப் பருவத்தில்' என்று கேட்பதுதான்.

வாழையில் இந்தப் பருவ மாற்றம் கண்ணெதிரே நடக்கும் வேதியியல். பச்சைக் காயின் சதையில் நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் எடையில் 70 முதல் 80 சதவீதம் மாவுச்சத்து. அதிலும் பெரும்பகுதி செரிக்காமல் பெருங்குடல் வரை போய், அங்கே நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. நார்ச்சத்து செய்கிற வேலையை ஏறக்குறைய அதுவும் செய்கிறது. அப்புறம் காய் தனக்குள்ளேயே எத்திலீன் என்ற வாயுவை உண்டாக்கத் தொடங்குகிறது. அந்த வாயு பட்டதும் நொதிகள் விழித்துக்கொண்டு, சில நாட்களுக்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடுகின்றன. தோலில் கரும்புள்ளி விழும் நேரத்தில் மாவுச்சத்து மிகச் சிறிதே மிஞ்சியிருக்கும். கலோரி பெரிதாக மாறவில்லை, எடை பெரிதாக மாறவில்லை. ஆனால் உடம்புக்குள் போனதும் அது நடந்துகொள்கிற விதமே வேறு. பச்சை வாழைக்கு மிக நெருங்கிய உறவு பழுத்த வாழை என்றுதான் நாம் நினைப்போம். சத்துக் கணக்கில் அதற்கு நெருங்கிய உறவு உருளைக்கிழங்கு.

அம்மாவுக்கு நன்றாகக் கனிந்த பழம்தான் பிடிக்கும். புள்ளி விழுந்ததாகப் பார்த்து எடுப்பாள்.

உருளைக்கும் பருவம் உண்டு. மரத்தில் நடப்பது இல்லை, அடுப்படியில் நடப்பது. பச்சை உருளையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது, வாழைப்பழத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் யாரும் பச்சையாகச் சாப்பிடுவதில்லை. தோலோடு வேகவைத்தால் 13-க்கு இறங்கும். தோல் சீவி வேகவைத்தால் 7.4. அதாவது தோலோடு வேகவைத்தால் வாழையைத் தாண்டி நிற்கிற கிழங்கு, சீவிவிட்டு வேகவைத்தால் வாழைக்குக் கீழே போய்விடுகிறது. தோலில்தான் எல்லாச் சத்தும் என்று பலர் சொல்வார்கள், அது சரியில்லை. நார்ச்சத்தில் நல்ல பங்கு தோலில் உண்டு. வைட்டமின் சியும் பொட்டாசியமும் பெரும்பாலும் சதையில்தான். தோல் செய்கிற பெரிய வேலை கதவாக இருப்பது. வேகும்போது உள்ளே இருப்பது தண்ணீரில் கரைந்து போகாமல் தடுக்கிறது.

எண்ணெயில் பொரித்தால் கதையே மாறிவிடுகிறது. அதே 100 கிராம், விரல் நீளத் துண்டுகளாகப் பொரித்ததில் ஏறக்குறைய 310 கலோரி. மெல்லிய வறுவலாக்கினால் 500-க்கு மேல். வெளியே போன தண்ணீரின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. வாழையை வறுத்தாலும் இதேதான், அதுவும் 500-ஐத் தாண்டும். உருளைக்கிழங்குக்கு வந்த கெட்ட பெயரில் பெரும்பங்கு எண்ணெய்க்குப் போக வேண்டியது. 2002-இல் சுவீடன் விஞ்ஞானிகள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் பொரிக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற பொருள் உருவாகிறது. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சந்தேகிக்கப்படும் பொருள் அது. தண்ணீரில் வேகவைத்தால் உருவாகாது, தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாதே. உருளையைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால் அதன் மாவுச்சத்தில் கொஞ்சம் சர்க்கரையாக மாறும், பிறகு பொரிக்கும்போது இந்தப் பொருள் அதிகமாக உருவாகலாம். அதனால்தான் உருளையைக் குளிரில் வைக்காமல், வெளிச்சம் படாத சாதாரண இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள்.

வேகவைத்த உருளையை ஆறவிட்டால் இன்னொரு மாற்றம். அவிழ்ந்த மாவுச்சங்கிலிகளில் கொஞ்சம் மறுபடி நெருங்கி இறுகிக்கொள்ளும். பச்சை வாழையில் இருப்பது போன்ற, எளிதில் செரிக்காத மாவுச்சத்து அது. மறுபடி சூடாக்கினாலும் முழுவதும் போய்விடாது. இதை ஒரு மந்திரம் போலச் சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். அளவு சிறியது, ஆறவைத்துவிட்டோம் என்று இரண்டு மடங்கு சாப்பிடுவதற்கில்லை.

பச்சை நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. வாழையில் பச்சை என்றால் இன்னும் பழுக்கவில்லை, அவ்வளவுதான். உருளையில் பச்சை என்றால் எச்சரிக்கை. வெளிச்சம் பட்ட உருளையின் தோலில் பச்சையம் வரும். பச்சையம் தீங்கில்லாதது, ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனின் போன்ற நச்சுகளும் கூடுகின்றன. வேகவைத்தாலும் இவை அழியாது. பச்சை பிடித்த பகுதியையும் முளையையும் ஆழமாக வெட்டி எறிய வேண்டும். பெரும்பகுதி பச்சையாக இருந்தாலோ கசந்தாலோ கிழங்கையே எறிந்துவிடுவது நல்லது.

இவ்வளவு படித்த பிறகும் ஒரு முடிச்சு அவிழவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் காயும் சாப்பிடச் சொல்கிறது. அந்த 400 கிராமில் வாழைப்பழம் சேரும். உருளைக்கிழங்கு சேராது, மற்ற மாவுக் கிழங்குகளும் சேராது. 89-க்கும் 86-க்கும் இவ்வளவு வித்தியாசமா?

இதற்கு விடை தட்டில் இருக்கிறது. உருளையை மனிதர்கள் பழத்துக்குப் பதிலாகவோ கீரைக்குப் பதிலாகவோ சாப்பிடுவதில்லை. தானியம் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்காருகிறது, சில நேரம் தானியத்தோடு சேர்ந்து உட்காருகிறது. அதைக் காய் என்று எண்ணிக்கொண்டால், உண்மையான காய்க்கு இடமில்லாமல் போகும். அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. இது உருளையின் சத்தைப் பற்றிய தீர்ப்பு இல்லை, அது வயிற்றில் யாருடைய இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பற்றிய முடிவு.

தானியத்தின் இடத்தில் வைத்து அளந்தால் அதே உருளை எவ்வளவு உயர்ந்து தெரிகிறது என்பதற்கு அயர்லாந்து சாட்சி. 1845-க்கு முன்பு அங்கே ஏழைக் குடும்பங்கள் உருளையும் பாலுமாகவே வாழ்ந்தார்கள். உழைக்கிற ஆண் ஒருவர் நாளைக்கு நாலைந்து கிலோ சாப்பிடுவார். 100 கிராமில் 13 மில்லிகிராம் வைட்டமின் சி என்பது நமக்குச் சின்ன எண்ணாகத் தெரிகிறது. நாலு கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 500 மில்லிகிராமுக்கு மேல். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைத் தடுக்க நாளைக்கு 10 மில்லிகிராம் போதும். 1845-இல் உருளைப் பயிரில் நோய் விழுந்து பஞ்சம் வந்தபோது பசியோடு ஸ்கர்வியும் வந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இறந்தார்கள். தட்டில் இருந்த ஒரே வைட்டமின் சி அந்தக் கிழங்குதான் என்று, அது இல்லாமல் போனபோதுதான் தெரிந்தது. 1928-இல் வெளியான ஒரு ஆய்வில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் 167 நாள், தங்கள் புரதத்தை ஏறக்குறைய முழுவதும் உருளையிலிருந்தே பெற்று ஆரோக்கியமாக இருந்தார்கள். 1.7 கிராம் புரதம் என்று பட்டியலில் அலட்சியமாகக் கடந்துபோன வரி அது.

இனி நான் சொல்லப்போவது இந்தத் தேடலில் என்னை மிகவும் உலுக்கிய கதை. இதில் வாழைப்பழமும் உருளைக்கிழங்கும் எதிரெதிர் பக்கங்களில் நிற்கின்றன, அம்மாவின் முதல் தாளைப் போலவே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீலியாக் நோய் வந்த குழந்தைகளை எப்படிக் காப்பாற்றுவது என்று யாருக்கும் தெரியாது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வயிறு உப்பி, கைகால் குச்சியாகி, பல குழந்தைகள் இறந்துபோவார்கள். நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் 1924-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பத்துக் குழந்தைகள். எட்டுப் பேருக்கு வாழைப்பழ உணவுமுறை, எட்டுப் பேரும் தேறினார்கள். அந்த உணவுமுறைக்குள் வராத இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். உணவுமுறையில் ஒரு குழந்தைக்கு நாளைக்கு நாலு முதல் எட்டு வாழைப்பழம் வரை, கூடப் பால் பொருள்கள், இறைச்சி, காய்கள். முற்றிலும் விலக்க வேண்டியவை ரொட்டி, பிஸ்கட், தானியங்கள் எல்லாம். அந்த விலக்குப் பட்டியலில் உருளைக்கிழங்கும் இருந்தது.

குழந்தைகள் பிழைத்தார்கள், அது நிஜம். வாழைப்பழம் மருந்து என்று உலகம் நம்பியது. பல வருடம், மெலிந்த குழந்தைகளுக்கு வாழைப்பழம் கொடுத்தே மருத்துவம் நடந்தது.

அப்புறம் 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பசியில் வாடியபோது, சீலியாக் நோய் இருந்த குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி விழுந்தார்கள். இதைக் கவனித்தவர் வில்லெம் டிக்கெ என்ற குழந்தை மருத்துவர். கோதுமையின் மேல் அவருக்கு முன்பே சந்தேகம் உண்டு. 1950-இல் அவர் முனைவர் பட்ட ஆய்வேடு வந்தது, பிறகு கோதுமையின் புரதமான குளுட்டன்தான் காரணம் என்பது உறுதியானது. ரை என்ற தானியத்திலும் பார்லியிலும்கூட அதே குடும்பத்துப் புரதங்கள் உண்டு.

உருளைக்கிழங்கில் குளுட்டன் கிடையாது. அது எந்தத் தவறும் செய்யவில்லை, மாவு வகை என்ற ஒரே காரணத்துக்காக விலக்கப்பட்டது. வாழைப்பழமும் யாரையும் குணப்படுத்தவில்லை. ரொட்டி இருந்த இடத்தை அது நிரப்பியது, அந்த இடம் காலியானதால் குழந்தைகள் பிழைத்தார்கள். இந்தத் தவறான புரிதலுக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. நோய் தீர்ந்துவிட்டது என்று நம்பி மறுபடி ரொட்டிக்குத் திரும்பியவர்களின் குடல் மறுபடி பழுதானது.

இதைப் படித்து முடித்துவிட்டு அம்மாவின் முதல் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு உணவை நல்லது என்றோ கெட்டது என்றோ எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் எழுதப்படாத இன்னொரு வரி இருக்கிறது: எதற்குப் பதிலாக? அம்மா உருளையை விட்டாள், சரி. அந்த இடத்தில் எது வந்து உட்கார்ந்தது என்று அந்தத் தாள் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இரண்டாவது தாளுக்கு வருகிறேன். இங்கே பேச்சு சர்க்கரையைப் பற்றி இல்லை, பொட்டாசியத்தைப் பற்றி. நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் வேண்டியது. இரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவும். வளர்ந்தவர்கள் நாளைக்கு 3,510 மில்லிகிராமாவது சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-இல் சொன்னது. வாழைப்பழத்திலேயே இதை அடைய நினைத்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை வேண்டும். பொட்டாசியம் என்றதும் எல்லோருக்கும் வாழைப்பழம் நினைவுக்கு வருகிறது, ஆனால் தோலோடு சுட்ட உருளை 100 கிராமில் 535 மில்லிகிராம், வாழையின் ஒன்றரை மடங்கு.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இதே பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கலாம். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பே தடுமாறும். அதனால் ஆரோக்கியமானவர் தட்டில் பெருமையாக வைக்கிற அதே எண், அம்மாவின் தட்டில் ஆபத்து. 358 என்பது மாறவில்லை, சாப்பிடுகிறவர் மாறிவிட்டார். எல்லாச் சிறுநீரக நோயாளிகளுக்கும் ஒரே கட்டுப்பாடு கிடையாது. இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சொன்னது கண்டிப்பான கட்டுப்பாடு.

இரண்டாவது தாளைக் கொடுத்த டயட்டீஷியன் பொறுமைசாலி. உருளை என்ற வரியைப் பார்த்து அம்மாவின் முகம் போன போக்கைக் கவனித்துவிட்டு, பேனாவால் ஓரத்தில் எழுதினார்: 'தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டு – எப்போதாவது, கொஞ்சம்.' வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடினேன். உருளையைச் சிறு துண்டுகளாக்கி வேகவைத்தால் பொட்டாசியத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீருக்குப் போய்விடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. துருவி வேகவைத்தால் இன்னும் அதிகம் போகும். வெறுமனே தண்ணீரில் ஊறவைத்தால் மட்டும் பெரிய பலன் இல்லை, கொதிக்க வேண்டும். செல் சவ்வுகள் வெப்பத்தில் உடைந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே செய்தேன். தராசில் 100 கிராம் வைத்து, தோல் சீவி, சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கி, பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீரில் போட்டேன். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்தாள். வெந்ததும் பாத்திரத்தைத் தூக்கித் தொட்டியில் சாய்க்கப் போனேன்.

"டேய், வெந்த தண்ணியைக் கொட்டாதே. சத்தெல்லாம் அதுலதான் இருக்கு."

என் சின்ன வயதில் இதை நூறு முறை சொல்லியிருப்பாள். காய் வெந்த தண்ணீரை அவள் ஒரு நாளும் வீணாக்கியதில்லை. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வைட்டமின் சியில் ஒரு பங்கும் பொட்டாசியத்தில் ஏறக்குறைய பாதியும் அந்தத் தண்ணீரில்தான் இருந்தன.

"ஆமாம்மா. அதனாலதான் கொட்டறேன்."

கொஞ்ச நேரம் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள். நான் சாய்த்தேன்.

மிளகுத்தூள் மட்டும் தூவிச் சின்னக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு முதல் துண்டு. மெல்லாமல் நாக்கிலேயே வைத்திருந்தாள். "சப்புன்னு இருக்கு," என்றாள், ஆனால் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. கடைசித் துண்டு வரை ஒவ்வொன்றாக, நிதானமாகச் சாப்பிட்டாள்.

அப்புறம் மேசையில் குழந்தைகளுக்காக வைத்திருந்த வாழைப்பழத்தைப் பார்த்தாள். "அதையும் இப்படி வேகவைச்சுக் கொட்டினா சாப்பிடலாமாடா?"

"கரைஞ்சு போயிடும்மா."

"ம்," என்றாள். புள்ளி விழுந்த ஒன்றைப் பார்த்து எடுத்து, தோலை உரித்து, என் மகளைக் கூப்பிட்டாள்.